ஜாப்கீப்பரில் இருக்கிறோம், முதல் வீட்டு டெபாசிட் திட்டத்தில் கடன் கிடைக்குமா?

தோசைக்கல்
9 ஆகஸ்ட் 2020

வணக்கம். இங்கே ரொம்ப நாளாகப் படித்துவருகிறேன், எழுதுவது இதுதான் முதல்முறை. விஷயம் கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சிட்னியில் ஒரு ஹோட்டல் சமையலறையில் ஏழு வருடமாக வேலை பார்க்கிறேன். நிரந்தர வேலை. மார்ச் வரை இரண்டு வாரத்துக்கு 2,300 டாலர், வரிக்கு முன்னால். ஏப்ரலிலிருந்து வாரம் மூன்று நாள்தான் கூப்பிடுகிறார்கள். ஜாப்கீப்பர் என்று, கொரோனாவுக்காக அரசாங்கம் முதலாளி வழியாகக் கொடுக்கும் சம்பள உதவி, இரண்டு வாரத்துக்கு 1,500 வருகிறது. மனைவி சைல்ட்கேரில் இருக்கிறார், இரண்டு வாரத்துக்கு 1,900. அவருக்கு ஒரு மணி நேர வேலைகூடக் குறையவில்லை, ஆனால் அவருடைய சென்டரும் ஜாப்கீப்பரில் இருந்தது. இருவரும் குடிமக்கள். ஆறு வயதில் ஒரு பையன்.

ஜனவரி 1 முதல் அரசாங்கத்தின் முதல் வீட்டு டெபாசிட் திட்டம் நடப்பது உங்களுக்குத் தெரியும். கையில் 5 சதவீதம் இருந்தால் போதும், 15 சதவீதத்துக்கு அரசாங்கம் வங்கிக்கு உத்தரவாதம் கொடுக்கும், எல்எம்ஐ (டெபாசிட் குறைவாக இருந்தால் வங்கியின் பாதுகாப்புக்காக நாம் கட்டும் காப்பீடு) கட்ட வேண்டாம். நாங்கள் பார்ப்பது வென்ட்வொர்த்வில் பக்கம் இரண்டு படுக்கையறை யூனிட், 560,000 அளவில். அதற்கு 5 சதவீதம் 28,000. எங்களிடம் 38,000 இருக்கிறது. அதைச் சேர்க்க நான்கு வருடம் ஆயிற்று.

ஜூலையில் புதிதாக 10,000 இடங்கள் திறந்ததும், திட்டத்தில் இருக்கும் ஒரு வங்கியில் விண்ணப்பித்தோம். பே ஸ்லிப், வரி அலுவலகத்தின் அசெஸ்மென்ட் நோட்டீஸ், சேமிப்புக் கணக்கு விவரம், கேட்டது எல்லாம் கொடுத்தோம். கொஞ்ச நாள் கழித்து ஃபோன் வந்தது. ஜாப்கீப்பர் தற்காலிக உதவி, வருமானமாக எடுத்துக்கொள்ள முடியாது என்றார்கள். என் சம்பளத்துக்கு நேராகப் பூஜ்யம் போட்டுவிட்டார்கள். மனைவியின் பே ஸ்லிப்கள் ஜூலை நடு வரை உள்ளவை, சென்டர் அப்போது ஜாப்கீப்பரில் இருந்தது என்பதால் அதையும் எடுக்கவில்லை.

எனக்குப் புரியாதது இதுதான். வரி அலுவலகம் இந்த 1,500-ஐ வருமானம் என்று சொல்லி வரி பிடிக்கிறது. தம்பதிக்கு 200,000 டாலர் என்ற திட்டத்தின் வருமான வரம்பைப் பார்க்கும்போதும் அது என் வருமானம்தான். கடனைக் கட்ட முடியுமா என்று பார்க்கிற இடத்தில் மட்டும் அது வருமானம் இல்லை. சம்பளத்துக்குப் பணம் கொடுப்பதும் அரசாங்கம், கடனுக்கு உத்தரவாதம் கொடுப்பதும் அதே அரசாங்கம். அப்படியிருக்க எங்களை யார் நிறுத்துகிறார்கள்?

யாருக்காவது கிடைத்திருக்கிறதா?

---

வென்ட்டி2145
9 ஆகஸ்ட் 2020

அண்ணா, எங்கள் வீட்டிலும் இதே கதை. தம்பி ஜிம்மில் வேலை செய்கிறான். திட்டத்தின் விதிகளை வரி வரியாகப் படித்துப் பார்த்தோம், ஜாப்கீப்பரில் இருப்பவர் சேர முடியாது என்று எங்கேயும் எழுதவில்லை. ஆனால் நாங்கள் பேசிய இரண்டு இடத்திலும் முதல் கேள்வியே "உங்கள் முதலாளி ஜாப்கீப்பர் வாங்குகிறாரா" என்பதுதான். ஆமாம் என்றதும் பேச்சு முடிந்துவிடுகிறது.

---

வட்டிக்கணக்கு
10 ஆகஸ்ட் 2020

நான் கடன் புரோக்கராக வேலை செய்கிறேன். இங்கே யாருக்கும் எதையும் விற்க வரவில்லை. ஏப்ரலிலிருந்து தினமும் இதே கேள்வியைக் கேட்கிறேன் என்பதால் எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். திட்டத்தை நடத்துவது என்ஹெச்எஃப்ஐசி என்ற அரசு நிறுவனம். அவர்கள் பார்ப்பது: குடிமகனா, முதல் வீடா, போன நிதியாண்டின் வருமானம் தனியாளுக்கு 125,000, தம்பதிக்கு 200,000 என்ற வரம்புக்குள் இருக்கிறதா, வீட்டின் விலை அந்த ஊரின் வரம்புக்குள் இருக்கிறதா (சிட்னிக்கு 700,000, மெல்பர்னுக்கு 600,000), அதில் நீங்களே குடியிருப்பீர்களா. அவ்வளவுதான். உங்களால் கடனைக் கட்ட முடியுமா என்பதை அவர்கள் பார்ப்பதில்லை. அது வங்கியின் வேலை. திட்டத்தில் 27 கடன் நிறுவனங்கள் இருக்கின்றன. பெரியவற்றில் நாப், காமன்வெல்த் இரண்டும், மற்றவை சிறியவை. ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கொள்கை.

ஆகவே உத்தரவாதம் என்பது டெபாசிட் குறைவாக இருப்பவருக்கான வழி. வருமானம் ஆட்டம் காண்கிறவருக்கு அது எதுவும் செய்யாது. பெயரில் அரசாங்கம் இருப்பதால் இரண்டையும் ஒன்றாக நினைத்துவிடுகிறோம்.

இனி வங்கியின் பக்கம். 2009 நுகர்வோர் கடன் சட்டப்படி, கடன் வாங்குபவரின் வருமானத்தை விசாரித்து, சரிபார்த்து, கஷ்டமில்லாமல் கட்ட முடியும் என்று தெரிந்த பிறகுதான் கொடுக்க வேண்டும். வங்கிகளின் முறைகேடுகளை விசாரித்த 2018 ராயல் கமிஷனில் அவை இந்த இடத்தில்தான் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டன. அதிலிருந்து ஒரே பயம். ஜாப்கீப்பரோ முடியும் தேதியுள்ள பணம். செப்டம்பர் 27 வரை 1,500. ஜூலை 21 அன்று நீட்டித்தார்கள், ஆனால் குறைத்து நீட்டித்தார்கள்: ஜனவரி 3 வரை 1,200, பிறகு மார்ச் 28 வரை 1,000. வாரம் 20 மணிக்குக் குறைவாக வேலை செய்து வந்தவர்களுக்கு 750, அப்புறம் 650. இதை வைத்து முப்பது வருடக் கடன் எழுத மாட்டார்கள். அதில் எனக்குக் கோபமில்லை.

கோபம் வருவது வேறு இடத்தில். ஜாப்கீப்பர் என்ற ஒரே சொல்லுக்குள் மூன்று விதமான ஆட்கள் இருக்கிறார்கள். வேலைக்கே வர வேண்டாம் என்று நிறுத்திவைக்கப்பட்டவர் ஒருவர். நேரம் குறைக்கப்பட்டவர் இன்னொருவர். முழு நேரமும் வேலை செய்து முழுச் சம்பளமும் வாங்குகிறவர் மூன்றாமவர். அந்த மூன்றாமவரின் முதலாளிக்கு வியாபாரம் 30 சதவீதம் குறைந்ததால் வரி அலுவலகத்திலிருந்து பணம் திரும்ப வருகிறது, அதற்கு மேல் ஒன்றும் இல்லை. சில வங்கிகள் இந்த மூவரையும் ஒரே கூடையில் போடுகின்றன. சில வங்கிகள் பிரித்துப் பார்க்கின்றன.

தோசைக்கல், உங்கள் கணக்கையே எடுத்துக்கொள்வோம். பத்து நாள் வேலைக்கு 2,300 என்றால் ஒரு நாளுக்கு 230. வாரம் மூன்று நாள், இரண்டு வாரத்துக்கு ஆறு நாள். 1,380 வருகிறது. உங்களுக்குக் கிடைப்பது 1,500. அதாவது நீங்கள் வேலை செய்யாமல் வாங்குவது இரண்டு வாரத்துக்கு 120 டாலர் மட்டுமே. உங்கள் பே ஸ்லிப்பை எடுத்துப் பாருங்கள், டாப்-அப் என்று அந்த 120-க்கு ஒரு வரி தனியாக இருக்க வேண்டும். 120-ஐ விட்டுவிட்டு 1,380-ஐ எடுக்கிறோம் என்று ஒரு வங்கி சொன்னால் அது நியாயம். பூஜ்யம் என்பது நியாயமில்லை.

இன்னொரு விஷயம். சைல்ட்கேர் துறைக்கு ஜூலை 20 முதல் ஜாப்கீப்பரையே நிறுத்திவிட்டார்கள், வேறு நிதி கொடுக்கிறார்கள். அந்தத் துறைக்கு அது நல்லதா என்பது வேறு பேச்சு. உங்கள் விண்ணப்பத்துக்கு மட்டும் அது உதவும். மனைவியின் சம்பளம் அந்தத் தேதியிலிருந்து சாதாரணச் சம்பளம். இரண்டு மூன்று பே ஸ்லிப் சேரட்டும், பிறகு காட்டுங்கள்.

---

பழைய ஹோம்புஷ்
10 ஆகஸ்ட் 2020

தம்பி, உங்களுடைய ஆசை விளங்குகிறது. ஆனால் மற்றப் பக்கத்தையும் ஒருவர் சொல்ல வேண்டும்.

நான் எண்பதுகளின் கடைசியில் வந்தவன். வீட்டுக்கடன் வட்டி 17 வீதம் போன காலத்தில் வீடு வாங்கினேன். அதற்குப் பிறகு வந்த மந்தத்தில் பதினொரு மாதம் வேலை இல்லை. வீடு கையை விட்டுப் போகாததற்கு ஒரே காரணம், நாங்கள் கால் பங்குக் காசைக் கையில் இருந்து போட்டிருந்தோம், வங்கி பொறுத்தது. நீங்கள் போடப்போவது 5 வீதம். விலை பத்து வீதம் விழுந்தால், வீட்டை விற்றாலும் கடன் தீராது. மிச்சத்தை யார் கட்டுவது? உத்தரவாதம் வங்கிக்குத்தான், உங்களுக்கு இல்லை. வங்கி தன் நட்டத்துக்கு அரசாங்கத்திடம் வாங்கும், கடன்காரர் நீங்களாகவே இருப்பீர்கள்.

வேலை அரைவாசியாக இருக்கும்போது 95 வீதக் கடன் வேண்டாம். வங்கி இல்லை என்று சொன்னதை ஒரு காவலாக எடுத்துக்கொள்ளுங்கள். மனம் நோகச் சொல்லவில்லை.

---

தோசைக்கல்
10 ஆகஸ்ட் 2020

வட்டிக்கணக்கு, ரொம்ப நன்றி. பே ஸ்லிப்பை இப்போதுதான் எடுத்துப் பார்த்தேன். சம்பளம் 1,380 என்று ஒரு வரி, டாப்-அப் 120 என்று ஒரு வரி. நான்கு மாதமாக இதை நான் கவனிக்கவே இல்லை. முழுப் பணமும் உதவித்தொகை என்றே நினைத்து, வெளியில் சொல்லக் கூச்சப்பட்டுக்கொண்டிருந்தேன். ஆறு நாளும் அடுப்புமுன் நின்றுதான் அந்த 1,380 வந்திருக்கிறது.

ஐயா, நீங்கள் சொல்வதில் தப்பே இல்லை. மனைவியும் இதைத்தான் சொல்கிறார். எங்கள் கணக்கு இது: இப்போது வாடகை வாரம் 400, மாதத்துக்கு ஏறத்தாழ 1,730. கடன் 532,000 என்றால் 2.8 சதவீத வட்டியில் மாதம் 2,190 பக்கம் வரும், அதோடு ஸ்ட்ராட்டா (அடுக்குமாடிப் பராமரிப்புக் கட்டணம்), கவுன்சில் கட்டணம். வாடகையைவிட அதிகம்தான். ஆனால் ஆறு வருடத்தில் நான்கு வீடு மாறிவிட்டோம். இரண்டு முறை உரிமையாளர் விற்றுவிட்டார், ஒரு முறை வாடகையை ஏற்றினார். பையன் பள்ளியில் சேர்ந்திருக்கிறான், மறுபடி மாற்ற மனது வரவில்லை.

---

நித்யமல்லி
11 ஆகஸ்ட் 2020

எனக்குக் கிடைத்தது. அதனால் எப்படி என்று முழுதாக எழுதுகிறேன்.

நான் ஒரு பல் மருத்துவமனையில் வரவேற்பில் வேலை செய்கிறேன். ஏப்ரலில் அவசர சிகிச்சை மட்டும் என்று ஆனபோது வியாபாரம் படுத்துவிட்டது, முதலாளி ஜாப்கீப்பரில் சேர்ந்தார், நாங்கள் எல்லாரும் படிவத்தில் கையெழுத்துப் போட்டோம். மே மாதக் கடைசியில் எனக்குப் பழைய நேரம் முழுவதும் திரும்பி வந்துவிட்டது. ஆனால் முதலாளி இன்னும் ஜாப்கீப்பரில்தான் இருக்கிறார். அதாவது வட்டிக்கணக்கு சொன்ன மூன்றாம் வகை.

முதல் வங்கி மறுத்தது. இரண்டாவதாகப் போனது திட்டத்தில் உள்ள ஒரு சிறிய நிறுவனம். அவர்கள் கேட்டது முதலாளியிடமிருந்து ஒரு கடிதம். அதில் இருக்க வேண்டியவை: எந்தத் தேதியில் சேர்ந்தேன், நிரந்தர வேலையா, மார்ச்சுக்கு முன் எத்தனை மணி நேரம், இப்போது எத்தனை மணி நேரம், சம்பள வீதம் குறைந்ததா, ஜாப்கீப்பர் நின்ற பிறகும் இதே வேலை இதே நேரத்துக்கு இருக்கும் என்று எதிர்பார்க்கிறாரா. கடைசி வரிதான் முக்கியம். என் முதலாளி முதலில் தயங்கினார், உறுதி கொடுத்து மாட்டிக்கொள்வோமோ என்று. "எதிர்பார்க்கிறேன்" என்றுதான் எழுத வேண்டும், "உறுதியளிக்கிறேன்" என்று இல்லை என விளக்கிய பிறகு எழுதிக்கொடுத்தார்.

அதோடு கடிதத் தேதிக்குப் பிந்தைய இரண்டு பே ஸ்லிப், சம்பளம் விழும் வங்கிக் கணக்கின் மூன்று மாத விவரம். அப்புறம் ஒரு நாள் அவர்களே கிளினிக்குக்கு ஃபோன் செய்து சரிபார்த்தார்கள்.

எங்களுக்கு அதைவிடப் பெரிய தடை வேறு. கணவர் அப்போது வெறும் பிஆர் (நிரந்தர வசிப்புரிமை மட்டும்). திட்டத்தில் தம்பதியாகச் சேர இருவரும் குடிமக்களாக இருக்க வேண்டும். குடியுரிமைத் தேர்வு முடிந்து விழாவுக்குக் காத்திருந்த நேரத்தில் கொரோனா வந்து எல்லாவற்றையும் நிறுத்தியது. கடைசியில் விழா வீடியோ அழைப்பில் நடந்தது. வரவேற்பறையில் வேட்டி கட்டிக்கொண்டு மடிக்கணினி முன் நின்று உறுதிமொழி சொன்னார். அடுத்த வாரம் விண்ணப்பம் போட்டோம்.

---

கரையோரம்
11 ஆகஸ்ட் 2020

வாசித்துக்கொண்டு வந்தேன், எழுதாமல் இருக்க முடியவில்லை. யாருடைய கஷ்டத்தையும் குறைத்துச் சொல்ல வரவில்லை.

நான் 2012இல் படகில் வந்தவன். இப்போது இருப்பது செவ் விசா, புகலிடம் கேட்டு வந்தவருக்கான தற்காலிக விசா, ஐந்து வருடத்துக்கு. மெல்பேர்னில் இறைச்சித் தொழிற்சாலையில் ஐந்து வருடமாக வேலை. இந்த மாதம் நான்காம் கட்ட முடக்கத்தில் தொழிற்சாலையில் ஆட்களைக் குறைத்தார்கள். எங்கள் கம்பனி ஜாப்கீப்பரில் இருக்கிறது. என் பக்கத்து மேசையில் நின்று வெட்டினவருக்கு இரண்டு கிழமைக்கு 1,500 டொலர் வருகிறது. எனக்கு ஒரு சதமும் இல்லை. தற்காலிக விசாக்காரருக்கு ஜாப்கீப்பர் இல்லை, நியூசிலாந்துக்காரர் தவிர. இரண்டு பேரும் ஒரே வீதத்தில்தான் வரி கட்டினோம்.

அரசாங்க உத்தரவாதக் கடனை நான் நினைக்கவே இல்லை. பிஆர் உள்ளவருக்கே இல்லாத திட்டம் எனக்கு எங்கே. ஆனாலும் வீடுகளின் விலையை இணையத்தில் பார்ப்பேன். டண்டினோங் பக்கம். ஏன் பார்க்கிறேன் என்று தெரியாது.

---

வென்ட்டி2145
11 ஆகஸ்ட் 2020

கரையோரம் அண்ணா, உங்கள் பதிவைப் படித்துவிட்டு வெகுநேரம் ஒன்றும் எழுத முடியவில்லை. மெல்பர்னில் உதவிப் பொதி கொடுக்கும் தமிழ் நண்பர்களை எனக்குத் தெரியும். தனிச்செய்தி அனுப்பியிருக்கிறேன், பாருங்கள்.

---

ரோஸ்கில்காரன்
12 ஆகஸ்ட் 2020

ஒக்லாந்தில் இருந்து. இங்கே இன்று மறுபடி மூன்றாம் நிலை முடக்கம், வீட்டில் இருந்து எழுதுகிறேன். எங்கள் நிலையையும் சொன்னால் ஒப்பிட உதவும்.

இங்கே ஊதிய மானியம் முழு நேரத்தவருக்குக் கிழமைக்கு 585.80 டொலர். மார்ச்சில் பன்னிரண்டு கிழமைக்கானதை மொத்தமாக முதலாளிக்குக் கொடுத்தார்கள், பிறகு எட்டுக் கிழமை நீட்டிப்பு. பழைய சம்பளத்தின் 80 வீதத்தையாவது கொடுக்க முதலாளி தன்னால் இயன்றவரை முயல வேண்டும். அதனால் என் சம்பளத்தில் எந்தப் பகுதி மானியம், எந்தப் பகுதி முதலாளியின் காசு என்று எனக்கே தெரியாது. ஆனால் எந்த நிறுவனம் மானியம் வாங்கியது என்பதை அமைச்சின் இணையத்தளத்தில் பெயர் போட்டு எவரும் தேடலாம். வங்கியும் தேடும். என்னிடம் பே ஸ்லிப் கேட்பதற்கு முன்னரே என் கம்பனி பட்டியலில் இருப்பதை வங்கி அதிகாரி சொல்லிவிட்டார்.

இங்கே கைங்கா ஓரா என்ற அரசு வீட்டு நிறுவனம் பொறுப்பேற்கும் முதல் வீட்டுக் கடன் இருக்கிறது. போன ஒக்டோபரில் டெபாசிட்டை 10 வீதத்திலிருந்து 5 வீதமாகக் குறைத்தார்கள். தம்பதிக்கு வருமான வரம்பு 130,000. குடியுரிமை கட்டாயமில்லை, நிரந்தரமாக வசிக்க அனுமதி இருந்தால் போதும், அதில் உங்களைவிட நல்லது. ஆனால் ஒக்லாந்தில் பழைய வீட்டுக்கு விலை வரம்பு 600,000. அந்த விலைக்கு எங்கள் ரோஸ்கில் பகுதியில் வீடு என்று ஒன்று கிடையாது, சின்ன யூனிட்தான்.

எனக்கு மறுக்கவில்லை, "மானியம் முடிந்து மூன்று மாதச் சம்பளம் காட்டு" என்றார்கள். காத்திருக்கிறேன். இன்றைய முடக்கத்தால் முதலாளி மறுபடி மானியம் எடுத்தால் அந்த மூன்று மாதம் திரும்பவும் முதல் நாளில் இருந்து தொடங்கும்.

---

செங்கல்
13 ஆகஸ்ட் 2020

நான் திட்டத்தையே கேள்வி கேட்கிறேன். வருடத்துக்கு 10,000 இடம். முந்தினவருக்கு முதலில். இந்த வருடம் யார் முந்துவார்கள்? வேலை ஆடாதவர்கள், வீட்டிலிருந்தே மடிக்கணினியில் வேலை செய்கிறவர்கள். அவர்களில் பலர் இன்னும் ஒரு வருடம் சேமித்தால் திட்டம் இல்லாமலேயே வாங்கியிருப்பார்கள். சமையலறை, ஹோட்டல், கடை, ஜிம் என்று முதல் அடி வாங்கியவர்களின் நேரம் திரும்புவதற்குள் இடங்கள் தீர்ந்துவிடும்.

ஜூன் 4 அன்று அறிவித்த ஹோம்பில்டரையும் பாருங்கள். வீடு கட்டவோ புதுப்பிக்கவோ 25,000 டாலர் மானியம். ஆனால் வீட்டைப் புதுப்பிக்க என்றால் ஒப்பந்தம் குறைந்தது 150,000 டாலருக்கு இருக்க வேண்டும். அவ்வளவு செலவு செய்யக்கூடியவருக்கு மேலும் 25,000. கட்டுமான வேலைகளைக் காப்பாற்றத்தான் அது என்கிறார்கள், சரி. ஆனால் அதே அரசாங்கம் 27 நிறுவனங்களையும் கூப்பிட்டு, "எங்கள் உத்தரவாதம் வேண்டுமென்றால் வேலை செய்து வாங்கிய சம்பளத்தை எல்லாரும் ஒரே மாதிரி எண்ணுங்கள், டாப்-அப்பை மட்டும் விடுங்கள்" என்று ஒரு விதி போட்டிருக்கலாமே? அதற்கு ஒரு டாலர்கூடச் செலவில்லை.

---

வட்டிக்கணக்கு
13 ஆகஸ்ட் 2020

செங்கல், அந்த விதி வந்தால் நான் முதல் ஆளாகக் கைதட்டுவேன். ஆனால் வங்கி ஒரு பதில் சொல்லும், அதையும் கேளுங்கள். தோசைக்கல்லின் 1,380 அவர் உழைத்த பணம்தான். ஆனால் முதலாளிக்கு வரி அலுவலகம் 1,500 திருப்பிக் கொடுப்பதால்தான் அந்த மூன்று நாளும் இருக்கிறது. உதவி நின்றால் மூன்று நாள் ஒரு நாளாகலாம். டாப்-அப்பை மட்டும் கழித்தால் போதாது என்பது அவர்கள் வாதம். இது வெறும் சாக்கு என்று என்னால் சொல்ல முடியாது. அதனால்தான் முதலாளியின் கடிதத்துக்கு இவ்வளவு மதிப்பு.

கூடவே, வங்கி இன்றைய வட்டியில் கணக்குப் பார்ப்பதில்லை, அதன்மேல் 2.5 சதவீதம் கூட்டித்தான் பார்க்கும். உங்களுடைய 1,380, மனைவியின் 1,900 இரண்டையும் எடுத்தால்கூட 532,000 வராது, குறைவாகத்தான் வரும். இதை இப்போதே சொல்லிவிடுவது நல்லது.

பொதுவாக எல்லாருக்கும் ஒன்று: கொரோனாவுக்காகத் திறந்துவிட்ட சூப்பர் (ஓய்வூதியச் சேமிப்பு) பணத்தை, 10,000 டாலரை, எடுத்து டெபாசிட்டோடு சேர்க்கலாமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். அது கஷ்டத்தில் இருப்பவர்களுக்கான வழி. எடுப்பதற்குத் தகுதி இருந்தாலும், "கஷ்டத்தில் இருக்கிறேன்" என்று ஒரு இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, "கடன் கட்ட வசதி இருக்கிறது" என்று இன்னொரு இடத்தில் போடுகிறீர்கள். வங்கி கேட்கும்.

---

நிர்வாகம்
13 ஆகஸ்ட் 2020

தயவுசெய்து உங்கள் முதலாளியின் பெயரையோ, மறுத்த வங்கி அதிகாரியின் பெயரையோ போட வேண்டாம். இரண்டு பதிவுகளைத் திருத்தியிருக்கிறோம். விவாதம் தொடரட்டும்.

---

பழைய ஹோம்புஷ்
14 ஆகஸ்ட் 2020

நான் முதலில் எழுதியதைத் திரும்ப வாசித்தேன். 120 டொலர் விஷயம் எனக்குத் தெரியாது. வங்கி பூஜ்யம் போட்டது பிழை, அதை ஒப்புக்கொள்கிறேன். 95 வீதக் கடன் இப்போது வேண்டாம் என்பதில் மாற்றமில்லை. தம்பி, வேறு சமையலறைகளில் கேட்டுப் பார்த்தீர்களா? முதியோர் இல்லம், ஆஸ்பத்திரி இவற்றின் சமையலறைகள் மூடவே இல்லை. எனக்குத் தெரிந்த ஒரு இடத்தில் ஆள் தேடுகிறார்கள், தனிச்செய்தியில் விவரம் அனுப்புகிறேன்.

---

தோசைக்கல்
25 அக்டோபர் 2020

எல்லாருக்கும் வணக்கம். நிலவரம் சொல்கிறேன். செப்டம்பர் 28இலிருந்து ஜாப்கீப்பர் 1,200 ஆயிற்று. என் ஆறு நாள் சம்பளமே 1,380 என்பதால் டாப்-அப் வரி பே ஸ்லிப்பிலிருந்து மறைந்துவிட்டது. ஒரு சின்ன வேடிக்கை பாருங்கள்: உதவி குறைந்ததும் என் பே ஸ்லிப் சுத்தமாகிவிட்டது. ஆனால் புதிதாகப் பேசிய வங்கி, முதலாளியின் கடிதம் இல்லாமல் முடியாது என்றது. ஹோட்டலில் கடிதம் கேட்டேன். மார்ச்சுக்குப் பிறகு என்ன ஆகும் என்று அவர்களுக்கே தெரியவில்லை, எழுத மாட்டோம் என்றார்கள். பொய் எழுதிக்கொடுக்காததற்காக அவர்கள்மேல் எனக்கு வருத்தமில்லை.

ஐயா சொன்ன முதியோர் இல்லச் சமையலறையில் வேலை கிடைத்துவிட்டது. நவம்பர் 9 முதல். ஏழு வருடப் பழக்கத்தை விட்டுப் போவது கஷ்டமாக இருக்கிறது. சம்பளம் இரண்டு வாரத்துக்கு 2,150. ஆறு மாதம் தகுதிகாண் காலம். பத்து நாள் வேலை.

---

வட்டிக்கணக்கு
25 அக்டோபர் 2020

நல்ல செய்தி. தகுதிகாண் காலத்திலும் எடுத்துக்கொள்ளும் நிறுவனங்கள் உண்டு, ஒரே தொழிலில் தொடர்ந்து இருந்தால். ஆனால் அவசரப்பட்டு எல்லா இடத்திலும் விண்ணப்பம் போடாதீர்கள், ஒவ்வொன்றும் உங்கள் கடன் வரலாற்றில் பதியும்.

---

தோசைக்கல்
16 மே 2021

வீடு கிடைத்தது. டூங்காபியில், முதல் மாடி, இரண்டு படுக்கையறை.

தகுதிகாண் காலம் முடிய ஒரு மாதம் இருக்கும்போது, நித்யமல்லி சொன்ன மாதிரியான ஒரு சிறிய நிறுவனத்தில் போட்டோம். மனைவிக்கு ஒன்பது மாத சாதாரண பே ஸ்லிப். எனக்கு ஐந்து மாதம். ஜாப்கீப்பர் பற்றி ஒரு கேள்விகூட வரவில்லை, அது மார்ச் 28ஆம் தேதியே முடிந்துவிட்டது. திட்டத்தில் இடம் இருந்தது, முன் அனுமதி வந்ததும் வீடு தேட 90 நாள்.

அந்த 90 நாளில் தெரிந்தது இதுதான். போன ஆகஸ்டில் 560,000-க்குப் பார்த்த அதே மாதிரி யூனிட்டுக்கு இப்போது 600,000 கேட்கிறார்கள். வாங்கியது 598,000. டெபாசிட் 29,900. நியூ சவுத் வேல்ஸில் 650,000-க்குள் இருப்பதால் ஸ்டாம்ப் டியூட்டி இல்லை. நாங்கள் காத்திருந்த ஒன்பது மாதத்தின் விலை 38,000 டாலர் என்று மனைவி கணக்குப் போட்டுச் சொன்னார். நாங்கள் நான்கு வருடம் சேமித்த தொகையும் அதேதான்.

ஐயா, சாவி வாங்கும் அன்று வீட்டுக்கு வர வேண்டும். பால் காய்ச்சுகிறோம்.

---

பழைய ஹோம்புஷ்
16 மே 2021

கட்டாயம் வருவேன் தம்பி. ஆறு மாதத் தவணைக்கான காசை ஒரு கணக்கில் தனியாகப் போட்டுத் தொடாமல் வையுங்கள். இதை நேரிலும் சொல்வேன்.

---

கரையோரம்
19 நவம்பர் 2023

பழைய இழையைத் தேடி எடுத்தேன். யாராவது இன்னும் இருக்கிறீர்களா?

இந்த வருடம் பெப்ரவரியில் செவ், டிபிவி என்ற தற்காலிக விசாக்காரருக்கு நிரந்தர விசாவுக்கு வழி திறந்தார்கள். போன மாதம் எனக்கு வந்துவிட்டது. பதினொரு வருடம். ஜூலை 1இலிருந்து பிஆர் உள்ளவர்களும் அந்த 5 வீதத் திட்டத்தில் சேரலாம் என்று சொல்கிறார்கள். ரிசர்வ் வங்கி இந்த மாதம் வட்டியை 4.35 ஆக்கியிருக்கிறது, அது தெரியும். என்னிடம் 41,000 டொலர் இருக்கிறது. முழு நேர வேலை, அதே தொழிற்சாலை.

வட்டிக்கணக்கு அண்ணா, முதலில் எந்தக் கடிதத்தை வாங்க வேண்டும்?

---

வட்டிக்கணக்கு
19 நவம்பர் 2023

இருக்கிறேன். முதலாளியின் கடிதம் அப்புறம். முதலில் விசா வந்த கடிதம், கடைசி இரண்டு வருட வரி நோட்டீஸ், மூன்று மாதச் சம்பளக் கணக்கு இவற்றை எடுத்து வையுங்கள். நாளை மாலை ஆறு மணிக்குப் பேசலாமா?